பத்தாந் தரத்துப் பிள்ளையும் பல்கலைக்கழகமும்



மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குச் சென்று, அங்கிருந்து ரிவர்ஸ்டன் மலையை நோக்கி வளைந்து வளைந்து ஏறும் பாதையை உங்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். விடுமுறை நாட்களில் அப்பாதை முழுவதும் வாகனங்கள். மலைமுகட்டில் நிற்கும் ஒளிபரப்புக் கோபுரத்தையும், ஆளைத் தள்ளிவிடும் காற்றையும், அப்பால் இறங்கினால் விரியும் பிட்டவளைப் பத்தனையையும் காண்பதற்காக மக்கள் தொலைவிலிருந்து வருகின்றார்கள். வருகிறவர்களுக்கு அங்குள்ள மூடுபனி பேரழகு. அதே பாதையில் காலை ஆறு மணிக்குப் பஸ்வண்டிக்காகக் காத்து நிற்கும் பிள்ளைக்கு அது வேறு விடயம். பனி இறங்கினால் பஸ் தாமதிக்கும். பஸ் தாமதித்தால் முதலாம் பாடவேளை போய்விடும். எங்கள் நேரசூசியில் முதலாம் பாடவேளை பெரும்பாலும் கணிதம்.

இப்பாதையோரத்துச் சிறிய தமிழ்ப் பாடசாலையொன்றில் அதிபராகப் பணிபுரிகின்றவன் நான். எங்களிடம் உயர்தர வகுப்புக் கிடையாது. பதினோராந் தரத்தோடு எங்கள் எல்லை முடிந்துவிடுகின்றது. அதற்குமேல் படிக்க விரும்பும் பிள்ளை வேறெங்காவது போகவேண்டும். எங்கே போவது, என்ன படிப்பது, அதற்கு முன்னர் பாடசாலை அப்பிள்ளைக்குச் செய்துகொடுக்க வேண்டியது யாது என்பவை பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். நான் நன்றாகச் செய்த காரியத்தைப் பற்றி அன்று, செய்யத் தவறிய ஒன்றைப் பற்றியே முதலில் சொல்லவேண்டியிருக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பாடசாலையில் ஒரு மாணவி இருந்தாள். தாய் கொழுந்து பறிப்பவர். தந்தை தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை. விஞ்ஞானப் பாடத்தில் அவளுக்கிருந்த ஆர்வம் அலாதியானது. பாதையோரத்துச் செடியைப் பறித்துவந்து, ஆசிரியைக்கே பெயர் தெரியாத பூவைக் காட்டிக் கேள்வி கேட்பாள். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் அதிவிசேட சித்தி பெற்றாள். பெறுபேறு வந்த மறுநாள் தந்தையார் அவளை அழைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். உயிரியல் படிப்பதாயின் நகரத்துக்குப் போகவேண்டும். விடியுமுன் புறப்பட்டால் இருட்டிய பின்னரே வீடு திரும்பலாம். கலைப்பிரிவு மட்டும் உள்ள பாடசாலை அதைவிடப் பக்கத்தில் இருந்தது. “ஐயா, எதில் சேர்க்கலாம்?” என்று கேட்டார். “எதைப் படித்தாலும் கருத்தூன்றிப் படித்தாற் போதும்” என்றேன். கேட்பதற்கு இனிய வாக்கியம். அதில் ஒரு பொருளும் இல்லை என்பதைப் பின்னரே உணர்ந்தேன். விடுகைப் பத்திரத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அவள் கலைப்பிரிவிற் சேர்ந்தாள். மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தாள். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியைச் சிறிய வித்தியாசத்தில் தவறவிட்டாள்.

சென்ற ஆண்டு மாத்தளையில் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்க ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். அவளே எடுத்துக்கொடுத்தாள். உணவுக்கு முன்னரா பின்னரா என்று பொறுமையாக எனக்கு விளக்கினாள். பேச்சுவாக்கில், மனத்தாங்கல் சிறிதுமின்றி, “சேர், அந்த இரண்டு வருடமும் மாத்தளையில் யாருடைய வீட்டிலாவது தங்கிப் படிக்க முடியுமா என்று அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை” என்றாள். அந்த ‘ஒருவரும்’ என்ற சொல்லில் முதலாவது ஆள் நான்தான்.

நேயர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நமது நாட்டின் அரசாங்கப் பாடசாலைகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. விஞ்ஞானம் உட்பட உயர்தரப் பிரிவுகளை நடத்துவன 1ஏபி எனப்படும். கலை, வணிகப் பிரிவுகளோடு நிற்பன 1சி. பதினோராந் தரம் வரை உள்ளவை இரண்டாம் வகை. ஆரம்ப வகுப்புகளோடு நிற்பன பெரும்பாலும் மூன்றாம் வகை. மலைநாட்டுத் தமிழ்ப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை இப்பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே இருக்கின்றன. ஆகவே, ஒரு பிள்ளை வைத்தியராவதா, பொறியியலாளராவதா, அன்றி வேறொன்றாவதா என்ற வினாவுக்குப் பிள்ளையின் மூளை விடைசொல்வதற்கு முன்னர் பஸ் நேர அட்டவணை விடைசொல்லிவிடுகின்றது. கலைப்பிரிவை இழிவாகக் கூறுகின்றேன் என்று எவரும் எண்ணவேண்டாம். நானே கலைப் பட்டதாரி; அதனாற் கிடைத்த சோற்றையே உண்கின்றேன். விரும்பிச் சேர்வது ஒன்று, வேறு வழியின்றிச் சேர்வது மற்றொன்று.

இந்நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1945ஆம் ஆண்டிலே கலாநிதி கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, நாடெங்கும் மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன. தோட்டப் பாடசாலைகளோ அத்திட்டத்துக்குப் புறம்பாகத் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அப்பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலம் அவ்வாறு கழிந்துவிட்டது. அதன் விளைவை இன்றும் என் அலுவலகத்திற் காண்கின்றேன். பெற்றோர் அன்பிற் குறைந்தவர்கள் அல்லர். தங்கள் பிள்ளைக்காக எதையும் விற்கத் துணிந்தவர்கள். ஆனால் உயர்தரம் என்பது என்ன, பல்கலைக்கழகத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லக்கூடிய அண்ணனோ, சித்தப்பாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ அந்த லயத்தில் இல்லை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ குடும்பம் செய்யும் வேலையை இங்கே பாடசாலைதான் செய்யவேண்டும்.

இனி, மேலதிக வகுப்பு என்ற விடயத்துக்கு வருவோம். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது மாலை நேரத்தில் கடந்தகால வினாத்தாள்களைச் செய்விப்பதையே மேலதிக வகுப்பு என்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். வீடு எரியும்போது கிணறு வெட்டுகின்ற வேலை அது. நானும் பல ஆண்டுகள் கிணறு வெட்டியவனே.

ஒருநாள், பத்தாந் தரத்து மாணவருக்கு ஆறாந் தரத்துக் கணித வினாத்தாள் ஒன்றைக் கொடுத்துப் பார்ப்போம் என்று எங்கள் இளைய ஆசிரியர் ஒருவர் கூறினார். பிள்ளைகள் மனம் வருந்துவார்களே என்று தயங்கினேன், ஆயினும் இணங்கினேன். அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டச் சொல்லியிருந்த வினாவுக்கு வகுப்பிற் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். மேலே உள்ளவற்றைக் கூட்டி மேலே, கீழே உள்ளவற்றைக் கூட்டிக் கீழே! அரையோடு இன்னொன்றைச் சேர்த்த பின்னர் விடை அரையைவிடக் குறைந்திருக்கின்றதே என்று எவரும் வியக்கவில்லை. இப்பிள்ளைகளுக்கே நாங்கள் இருபடிச் சமன்பாடு கற்பித்துக்கொண்டிருந்தோம். அவர்கள் பத்தாந் தரத்தில் தோற்கவில்லை; ஆறாந் தரத்திலேயே தோற்றுவிட்டு, நான்கு ஆண்டுகளாக அமைதியாக அமர்ந்திருந்தார்கள்.

அன்று தொடங்கிய பரிகாரக் கற்பித்தல் எங்களுக்குச் சில பாடங்களைக் கற்பித்தது. முதலில் மாலை நேரத்தில் வைத்தோம். கடைசி பஸ் போய்விடும் என்ற பயத்தில் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்க்காமல் யன்னலையே பார்த்திருந்தார்கள். சனிக்கிழமைக்கு மாற்றினோம், மிளகுக் காலத்தில் பாதிப் பேர் வரவில்லை. ஈற்றில் பாடசாலை நேரத்துக்குள்ளேயே, வாரத்தில் நான்கு நாள், ஒரு பாடவேளையை அதற்கென ஒதுக்கினோம். அதற்காக வேறு சில பாடங்களில் நேரத்தைக் குறைக்கவேண்டியிருந்தது. அதிற் சரித்திரமும் ஒன்று. சரித்திரம் கற்பிப்பவன் நானாகையால் எதிர்ப்புத் தெரிவிக்க ஆள் இருக்கவில்லை.

அந்த வகுப்புக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். ‘மெல்லக் கற்போர் வகுப்பு’ என்று ஓர் அட்டையிலே எழுதி ஒட்டியிருந்தோம். இரண்டாம் நாளே யாரோ அதைக் கிழித்துவிட்டார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை. கிழித்தவர் செய்தது சரி.

கற்பிக்கும் முறையில் ஊர் எங்களுக்கு உதவியது. மாத்தளை மாவட்டம் மிளகுக்குப் பேர்போனது. மூன்று கிலோ பச்சை மிளகை உலர்த்தினால் ஏறத்தாழ ஒரு கிலோ கிடைக்கும் என்பது இங்குள்ள குழந்தைக்கும் தெரியும். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும் என்பதும் தெரியும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பார்களே, அந்தக் கணக்கைத் தாய்மார் வீட்டிற் பேசுவதை அன்றாடம் கேட்கிறார்கள். பின்னமும் விகிதமும் நூற்றுவீதமும் அவர்களுடைய வீட்டுச் சமையலறையிலேயே கிடந்தன. நாங்கள்தாம் அவற்றைப் புத்தகத்திலே தேடிக்கொண்டிருந்தோம்.

கணிதத்தை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சாதாரண தரத்திலே தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களிற் சித்தி, அவற்றுள் மூன்றிலாவது திறமைச் சித்தி என்பது உயர்தரத்துக்குச் செல்வதற்கான பொதுவான தகைமை. கணிதத்தில் 35 புள்ளி பெறாத பிள்ளைக்கு மற்ற எட்டுப் பாடங்களிலும் ஆற்றல் இருந்தாலும் வழியில் ஒரு பெரும் பாறை விழுந்துவிடுகின்றது. தாய்மொழியும் அப்படியே. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் தானே வந்துவிடும் என்று எண்ணுகிறோம். உயர்தரக் கலைப்பிரிவில் மூன்று மணித்தியாலம் தொடர்ந்து கட்டுரை எழுதவேண்டும். ஒன்பதாந் தரத்திலே அரைப்பக்கம் சுயமாக எழுதிப் பழகாத பிள்ளை அங்கே என்ன செய்யும்? குறிப்பை மனனம் செய்யும். வினா சிறிது மாறினால் தடுமாறும்.

திட்டமிடுதல் என்பதைப் பற்றி இனிக் கூறுகின்றேன். உயர்தரப் பெறுபேறு வந்த பின்னர் யோசிப்பதையே திட்டம் என்கிறோம். உண்மையிலே அது பத்தாந் தரத்தின் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகின்றது. இப்போதுள்ள முறைப்படி, சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். மற்ற மூன்றையும் பிள்ளை தொகுதிகளிலிருந்து தெரிந்துகொள்ளவேண்டும். அதிபர்களாகிய நாம், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அந்தப் பாடத்தைப் பிள்ளை ‘தெரிந்துகொண்டது’ என்று எழுதிவிடுகிறோம். ஆசிரியர் இல்லாதபோது வேறு வழியில்லைதான். ஆனால் அச்செய்தியைப் பெற்றோருக்கு மறைக்காமற் சொல்லவாவது வேண்டும்.

வைத்தியத் துறைக்கு உயிரியலும் பௌதிகவியலும் இரசாயனவியலும் வேண்டும். பொறியியலுக்கு இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் வேண்டும். 2013ஆம் ஆண்டிலே தொழினுட்பப் பிரிவு என ஒன்று உயர்தரத்திற் புதிதாகச் சேர்ந்தது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலில், எந்தப் பாடநெறிக்கு எந்தப் பாடங்கள் தேவை என்பது விபரமாக இருக்கின்றது. உயர்தரம் எழுதி முடித்தவர்களே அதைத் தேடிப் படிக்கிறார்கள். பதினோராந் தரத்துப் பிள்ளையின் தந்தை அதைப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. அவரால் வாசிக்க இயலாதாயின் நாம் வாசித்துக் காட்டவேண்டும்.

பெற்றோர் பலரைக் கலங்கவைப்பது இசட் புள்ளி. 2001ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை முதல் அது நடைமுறையில் இருக்கின்றது. பயப்பட ஒன்றுமில்லை. ஒரு பாடத்திலே நாடு முழுவதும் எழுதியவர்களின் சராசரி 40, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை 70 பெற்றால் சராசரியைவிட 30 அதிகம். அதனைப் பதினைந்தாற் பிரித்தால் இரண்டு. வேறொரு பாடத்தில் சராசரி 55, விலகல் 10 ஆயின் அதே 70க்கு ஒன்றரைதான். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கணித்துச் சராசரி எடுத்தால் அதுவே இசட் புள்ளி. ஆகவே, ‘எளிதான பாடம், எல்லாரும் நிறையப் புள்ளி எடுக்கிறார்கள்’ என்று கேள்விப்பட்டு அங்கே ஓடுவதில் இலாபமில்லை. எல்லாரும் எடுக்கும் புள்ளியை நாமும் எடுத்தால் நாம் நடுவிலேயே நிற்போம்.

அடுத்தது மாவட்டம். பெரும்பாலான பாடநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வரையான இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், எஞ்சிய 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் வழங்கப்படுகின்றன. நுவரெலியா, பதுளை, மொனறாகலை முதலியன அப்பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன, மாத்தளை இல்லை. ரிவர்ஸ்டன் அடிவாரத்துப் பிள்ளையும் நகரத்தின் நடுவிலே ரியூஷன் வகுப்புக்கு நடந்து செல்லும் பிள்ளையும் ஒரே மாவட்டக் கணக்கிலேயே போட்டியிடுகின்றார்கள். ஒரு மாவட்டத்துக்குள்ளும் மலையும் பள்ளமும் உண்டென்பதை அந்தக் கணக்கு அறியாது. அதை மாற்றுவது என் கையிலோ உங்கள் கையிலோ இல்லை. ஆனால், வேறு மாவட்டத்துக்குப் போய்ப் படிக்க நினைப்பவர்கள், எந்த மாவட்டத்துப் பாடசாலையில் எத்தனை ஆண்டு படித்தார் என்பதை வைத்தே மாவட்டம் தீர்மானிக்கப்படும் என்பதை முன்கூட்டியே கைந்நூலிற் படித்துக்கொள்ள வேண்டும். கண்டிக்குப் போனால் கண்டிப் பிள்ளைகளோடு போட்டி.

இவற்றையெல்லாம்விட மலைநாட்டுப் பிள்ளையை அதிகம் தொல்லைப்படுத்துவது ஒரு சிறு விடயம்: பெயர். வீட்டிலே யோகேஸ்வரி, பிறப்புச் சான்றிதழில் யோகேஸ், பாடசாலை இடாப்பிலே மூன்றாவது ஓர் எழுத்துக்கூட்டல். சான்றிதழ் சிங்களத்தில் இருக்கும். பதிவு செய்த காலத்தில் எழுதியவர் தமக்குக் கேட்டபடி எழுதியிருப்பார். தந்தை விரலடையாளம் வைத்திருப்பார். ஐந்தாந் தரம் வரை இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்கும்போது முதல் முடிச்சு விழும். பல்கலைக்கழக விண்ணப்பத்தின்போது அந்த முடிச்சு இறுகும். திருத்தம் செய்வதற்குக் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், பதிவாளர் காரியாலயம் என்று நடக்கவேண்டும். ஒவ்வொரு நடைக்கும் தாயோ தந்தையோ ஒருநாட் சம்பளத்தை இழப்பார்கள். ஆகையால் எட்டாந் தரத்திலேயே எல்லாப் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் வரவழைத்து இடாப்போடு ஒப்பிடுவதை நாங்கள் இப்போது வழக்கமாக்கியிருக்கிறோம். இதனை மேலதிகக் கற்பித்தல் என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லாது.

விண்ணப்பம் இப்போது இணையத்தின் வழியே. விருப்ப வரிசையிலே பாடநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறிக்கவேண்டும். பேராதனை ஒன்றை மட்டும் எழுதிவிட்டு, கிழக்குப் பல்கலைக்கழகமும் ஊவா வெல்லஸ்ஸவும் தூரம் என்று விட்டுவிட்ட ஒரு மாணவனை அறிவேன். அவன் எழுதாத இடமொன்றிலே அவனுடைய புள்ளிக்கு வாசல் திறந்திருந்தது. அரசாங்கப் பல்கலைக்கழகத்திலே படிப்புக்குக் கட்டணமில்லை. 1981ஆம் ஆண்டு தொடங்கிய மகாபொல உதவியும் வசதி குறைந்தோருக்கான நிதியுதவியும் உண்டு. இவையும் தெரியாமல், “நமக்குக் கட்டுமா?” என்று கேட்கும் தந்தையர் இருக்கிறார்கள்.

பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்குக் கல்வியியற் கல்லூரிகள், தொழினுட்பக் கல்லூரிகள், திறந்த பல்கலைக்கழகம் ஆகிய வழிகள் உள்ளன. அவை பற்றித் தனியாக ஓர் உரை வேண்டும்; இன்று நேரம் போதாது.

இன்னொன்று. ஆண்டுதோறும் நாம் பிள்ளைகளைப் பேராதனைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்கிறோம். பனைமர வரிசையின் கீழே படம் எடுத்துக்கொண்டு, வாழையிலைச் சோற்றை உண்டு, திரும்பி விடுகிறோம். அங்கிருந்து சிறிது தூரத்திலேதான் 1952ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதன் வாயிலைக் காட்டாமலே எத்தனை பஸ்வண்டிகளை நான் திருப்பிக்கொண்டு வந்தேனோ! சென்ற முறை உள்ளே அழைத்துச் சென்றேன். பிள்ளைகள் அதிகம் ஒன்றும் பேசவில்லை. ஒரு பையன் மட்டும், “சேர், இங்கே தங்குகிறவர்களுக்குச் சாப்பாடு யார் கொடுப்பார்கள்?” என்று கேட்டான். திட்டமிடத் தொடங்கிவிட்டான் என்று மகிழ்ந்தேன்.

அந்தப் பையன், மருந்துக் கடையில் நான் கண்ட அந்த மாணவியின் தம்பி. இப்போது பத்தாந் தரம். சென்ற வாரம் அவர்களுடைய தந்தை வந்திருந்தார். பிறப்புச் சான்றிதழை மழையில் நனையாதபடி பொலித்தீன் பையிற் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பெயரில் ஓர் எழுத்து மட்டும் பிழை. அதற்கு இன்னும் காலம் இருக்கின்றது. அவர் எழுந்து போகுமுன், “ஐயா, இவனை எதில் சேர்க்கலாம்?” என்று, முன்னர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். இம்முறை நான் உடனே விடை சொல்லவில்லை. மாத்தளையில் உங்களுக்கு உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, மூத்த மகள் கடைக்குப் பக்கத்திலே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள் என்றார்.